அந்தக் கேரியரை அறுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைக் கல்லூரி நாட்களிலிருந்து படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எங்கள் வீடு ஜாபர்கான்பேட்டை. அப்பா சைதாப்பேட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார், கல்யாணப் பத்திரிகை, பில் புக், அந்த மாதிரி. 1970-இல் புதிதாக வாங்கிய ஜாவா 250 மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. 1993-இல் நிறுத்தியவர் மறுபடி எடுக்கவே இல்லை. மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அம்மா எடைக்குப் போடச் சொல்கிறார், எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு பெட்ரோல் ஊற்றி உதைத்துப் பார்த்தேன். முதலில் நகரவே இல்லை. ஏறி நின்று உதைத்ததில் நகர்ந்தது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு மெக்கானிக் எழுபதாயிரத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல ஒரிஜினலாக ஆக்கித் தருகிறேன் என்கிறார். அப்பா பின்னால் பற்றவைத்த அசிங்கமான இரும்புக் கேரியர் ஒன்று இருக்கிறது, முதல் வேலையாக அதை அறுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஜூலையில் பழைய ஜாவா, யெஸ்டி வண்டிக்காரர்கள் கூடும் ஜாவா யெஸ்டி தினத்துக்குக் கொண்டுபோக ஆசை. ஐம்பது வருடம் தாண்டிவிட்டதால் விண்டேஜ் நம்பர் வாங்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு செலவு செய்வது வெறும் சென்டிமென்ட் பைத்தியக்காரத்தனமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் மூன்று நாளாகத் திறந்தபடியே கிடக்கிறது. வண்டி பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை, நான் மெக்கானிக்கும் இல்லை. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அது என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் திட்டிவிடுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற எஞ்சினை யாராவது ஏறி நின்று உதைப்பார்களா தம்பி? முதலில் நகரவே இல்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஏன் நகரவில்லை என்று ஒரு டீ குடிக்கிற நேரமாவது யோசித்திருக்கலாம். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தால் அதுவாக விட்டிருக்கும், நீங்கள் உங்கள் முழு எடையையும் இறக்கிப் பிய்த்து எடுத்திருக்கிறீர்கள். ரிங் ஒடிந்திருக்கலாம், துருத்துகள் சிலிண்டரில் கோடு போட்டிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் அதன் பக்கமே போகாமல் இருந்து, பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். இனியும் அதைத்தான் செய்ய வேண்டும். சிலிண்டரைத் திறந்து பார்க்கும்வரை கிக்கரைத் தொடாதீர்கள். கிக்கர் எது என்று கண்டுபிடித்ததே ஆச்சரியம்தான், ஜாவாவில் கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால்தான் கிக்கர் ஆகும். இந்தக் காலத்துப் பையன்கள் பலர் வலப்பக்கம் குனிந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஜாபர்கான்பேட்டை என்கிறீர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடையாறு உங்கள் தெருவுக்கு வந்ததா? மாடிப்படிக்குக் கீழே எத்தனை அடி நின்றது? எஞ்சின் மட்டத்துக்கு ஏறியிருந்தால் உள்ளே வண்டல் இருக்கும், க்ராங்க் பேரிங் துருவேறியிருக்கும், மொத்தத்தையும் பிரிக்காமல் வேறு வழியே இல்லை. தண்ணீர் வரவில்லை என்றாலும் க்ராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடிவயிறும் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். பழைய ரப்பர் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும். ஒரு பக்கம் காற்றை இழுத்தால் எஞ்சின் சூடேறி நடுரோட்டில் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பக்கம் கியர் ஆயிலை இழுத்தால் தெருவே கொசுமருந்து அடித்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் ஊற்றிய பெட்ரோலை இன்றைக்கே வடித்துவிடுங்கள். உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும், புதுப் பெட்ரோல் டேங்க் துருவை அடித்துக்கொண்டு அதன்மேல் போய் உட்காரும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் கார்க்கையும் தின்னும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூ டி ஆயிலைப் பெட்ரோலில் கலக்க மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் லிட்டருக்கு 40 மில்லி விடுவேன். முன்பெல்லாம் எல்லா பங்க்கிலும் ஓரமாக ஒரு கைப்பம்ப் நிற்கும், பெட்ரோல் போடும் பையன் கேட்காமலே இரண்டு தடவை அழுத்துவான், நீல நிறத்தில் ஒழுகும். சரி, அது போகட்டும்.

செலவு பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எழுபதாயிரத்துக்கு இப்போது கைப்பேசி வாங்குகிறார்கள், யாரும் அதைப் பைத்தியக்காரத்தனமா என்று கடிதம் போட்டுக் கேட்பதில்லை. ஜாவா யெஸ்டி தினமான ஜூலை இரண்டாம் ஞாயிறு வரும், போகும், அடுத்த வருடமும் வரும், அதற்காக மெக்கானிக் கழுத்தில் உட்காராதீர்கள். உதிரி பாகத்துக்கு முதலில் ஜி.பி. ரோடு, அங்கே இல்லாதது புதுப்பேட்டை. ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் படிவம் 31 கொடுங்கள், பதிவு காலாவதியாகியிருக்கும், அதற்குப் படிவம் 25. நடக்கும் வேலைதான், நாலைந்து தடவை நடக்க வைக்கும், அவ்வளவுதான்.

விண்டேஜ் நம்பர் வேண்டாம். 2021-இல் வந்த விதி அது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடத்துக்கு வி.ஏ. என்று எழுத்துப் போட்ட நம்பர் தருவார்கள். பதிலுக்கு அந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்கெல்லாம் மட்டும்தான். காய்கறி வாங்கக் காசி தியேட்டர் பக்கம்கூடப் போக முடியாத வண்டியை எதற்கு ஐயா ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது?

இப்போது அந்த வரி. "அப்பா பின்னால் பற்றவைத்த அசிங்கமான இரும்புக் கேரியர்."

உங்கள் மெக்கானிக் ஒரிஜினல் என்கிறார், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். எது ஒரிஜினல்? ஜாவா என்ற பெயரே ஒட்டுப்போட்ட பெயர். செக்கோஸ்லோவாக்கியாவில் யானெசெக் என்பவர் 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடம் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தன் பெயரில் இரண்டு எழுத்து, அவர்கள் பெயரில் இரண்டு எழுத்து, சேர்த்து ஜாவா என்று வைத்தார். அதை மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் செய்தது, பிறகு யெஸ்டி என்று பெயர் மாற்றியது, 1996-இல் மூடியது. இதில் எந்த ஊர் ஒரிஜினல்? மைசூர் தொழிற்சாலைக்காரன் கையில் அந்த வண்டி சில நாள் இருந்திருக்கும். உங்கள் அப்பா கையில் 23 வருடம். அவர் அதில் மாற்றியதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதை ஒரிஜினல் என்கிறீர்கள். அது கடை வாசலில் நின்ற வண்டி. உங்கள் அப்பா பணம் கட்டுவதற்கு முந்தின நிமிடத்து வண்டி. அதை எழுபதாயிரம் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் உங்கள்மேல் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜாவா இருந்தது. திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தில் நடையில் நிற்கும், அதைத் தாண்டித்தான் எல்லோரும் கொல்லைப்பக்கம் போக வேண்டும், அதனால் அப்பாவுக்கும் மற்ற குடித்தனக்காரர்களுக்கும் நிரந்தரப் பகை. அம்மா புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருவார், மடியில் நான். அந்தக் கால லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் அம்மாவுக்கு எட்டாது, குள்ளம். அதனால் அப்பா ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் கம்பியை வளைத்து, அம்மாவை வண்டியில் உட்காரவைத்து, கால் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, அந்த உயரத்தில் ஒரு படி மாதிரி பற்றவைத்தார். அதன்மேல் சைக்கிள் டயர்த் துண்டு ஒன்றைக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார், செருப்பு வழுக்காமல் இருக்க. பார்க்கச் சகிக்காது. அடுத்த வண்டி உரசினால் முதலில் மாட்டுவது அதுதான்.

அப்பா போய்ப் பத்து வருடம் கழித்து, 2009-இல், எனக்கும் உங்களைப் போலவே ஆசை வந்தது. ஒரு பட்டறையில் விட்டேன். ஏழு மாதம் ஆனது. டேங்க் பக்கவாட்டில் குரோமியம் முகம் பார்க்கிற மாதிரி, அந்த மெரூன், தந்த நிறக் கோடு, எல்லாம் அச்சு அசல். பழைய இரும்பு என்று ஒரு சாக்கு மூட்டையைக் காட்டி, இதையெல்லாம் காயலான் கடையில் போட்டுவிடவா சார் என்று கேட்டார்கள். நான் சாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போடுங்கள் என்றேன். கூலியில் முந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டார்கள், அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மாவுக்கு அப்போது 71 வயது. வெளியே வந்து பார்த்தார், சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார், அதே டுப்பு டுப்பு சத்தம்தான். கபாலி கோயில் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று அவராகவே சொன்னார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் காலை நீட்டி, இங்கேயும் அங்கேயும் துழாவினார்.

"எங்கடா கால வைக்கிறது?"

அழுகை எல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மெதுவாகப் போகிறேன், தொங்கவிட்டுக்கொள் என்றேன். தெருமுனை வரைக்கும் போனோம். பயமாக இருக்கிறது, இறக்கிவிடு என்றார். ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். அடுத்த நாளே பட்டறைக்கு ஓடினேன், காயலான் கடையைக் காட்டினார்கள், அங்கே மூட்டை எப்போதோ லாரி ஏறிவிட்டது. புதுப்பேட்டையில் மூன்று ஞாயிறு அலைந்தேன். புல்லட்டுக்கு இருந்தது, ராஜ்தூத்துக்கு இருந்தது, ஒன்றை வாங்கி வெட்டி ஒட்டிக்கூடப் பார்த்தேன். எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டார் வெல்டர். எனக்குத் தெரியவில்லை. அம்மாவை மறுபடி உட்காரவைத்து அளவெடுத்திருக்கலாம், கேட்டேன், முட்டி வலிக்கிறது, இன்னொரு நாள் என்றார். அந்த இன்னொரு நாளுக்குள் 2013 வந்துவிட்டது. வண்டி இருக்கிறது, நல்ல வண்டி, பார்ப்பவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். துருவை எடுங்கள், வயரிங்கை மொத்தமாக மாற்றுங்கள், எலி விட்டுவைத்திருக்காது. டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், இதிலெல்லாம் அப்பாவின் ஞாபகம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். விழுந்தால் உங்களுக்குத்தான் அடிபடும். பெயின்ட் உங்கள் இஷ்டம். கேரியரில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அம்மா எடைக்குப் போடச் சொல்கிறார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டீர்களா? அச்சகக்காரர் வண்டியில் பேப்பர் ரீம் உட்காரும் இடத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? உட்கார்ந்தே இருக்க மாட்டாரோ என்னவோ, அந்த வண்டிமேல் அவருக்கு வேறு கணக்கு இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அவர்தான் உயிரோடு இருப்பவர், அவரிடம் கேட்காமல் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. மெக்கானிக்குக்கு இப்போதே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு டேப்பை எடுத்து அந்தக் கேரியரை அளந்து பாருங்கள். உங்கள் அப்பா பேப்பர் வாங்கப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போயிருப்பார், அந்தக் காலத்தில் சின்ன அச்சகக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் வாங்குவார்கள். டெமி என்கிற அளவு அச்சுத் தாள் பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம். பாதியாக மடித்துக் கட்டினால் பதினேழரைக்குப் பதினொன்றேகால். கேரியர் கிட்டத்தட்ட பதினெட்டுக்குப் பன்னிரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன், பக்கத்துக்குக் கால் அங்குலம் கயிறு போக இடம் விட்டு. அளந்து எனக்கு எழுதுங்கள். அறுத்துவிட்டார்கள் என்றாலும் எழுதுங்கள், இரும்பை எந்தக் கடையில் போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு.