கணினி கேள்வி-பதில்: பேக்கப் எடுத்தீர்கள், திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 22 ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவரும் நம் பத்தியாளர், இந்த இதழில் பேக்கப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கும் விடுகிறோம். ஆட்களின் கூலிக் கணக்கு, டேலி மென்பொருளில் எழுதும் வரவு செலவுக் கணக்கு, இருபது வருடப் புகைப்படங்கள் என்று எல்லாமே ஒரே கணினியில் இருந்தன. போன மே மாதம் கோடை மழையில் விழுந்த இடியில் அது கருகிவிட்டது, பாதிதான் மீண்டது. இப்போது விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி வாங்கியிருக்கிறேன். சுமார் 300 ஜிபி நிறைந்திருக்கிறது. பேக்கப் மென்பொருள் என்று தேடினால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் மகன், 'எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடுங்கள் அம்மா' என்கிறான். எதைத் தேர்ந்தெடுப்பது? பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: பணம் கொடுக்க வேண்டியதில்லை அம்மா. மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், என் கையால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அறுநூறு கொலுசுகளின் விவரம் அங்கே கணினியில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், எடை, எத்தனை கண்ணி, எந்த அச்சு, எந்த முத்து என்று பட்டறைக்காரர் வருடக்கணக்காகச் சேர்த்தது. அவருக்கு பேக்கப் அமைத்துக் கொடுத்தவள் நான். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமை இரவுதோறும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பதியும்படி வைத்தேன். இரண்டு வருடம் ஒரு வாரம்கூடத் தவறாமல் ஓடியது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை நிறத்தில் காட்டியது.

பிறகு கணினியின் ஹார்ட் டிஸ்க் போனது. 'கவலை வேண்டாம் அண்ணா, பேக்கப் இருக்கிறது' என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வெளி டிஸ்க்கைத் திறந்தேன். 'டிசைன்' என்ற கோப்புறை இருந்தது. அதன் படத்தின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்தது கோப்புறையே இல்லை, டி டிரைவில் இருந்த கோப்புறைக்குப் போகும் குறுக்குவழி மட்டும். இரண்டு வருடமும் அந்த 2 கேபியைத்தான் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறேன்.

விற்காமல் கிடந்த கொலுசுகளையும், கடைகளிலிருந்து இரவல் வாங்கி வந்த கொலுசுகளையும் வைத்து, அந்தக் குடும்பம் கண்ணி கண்ணியாக எண்ணி, எடை போட்டு, மறுபடி எழுதியது. நான்கு மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்து எண்ணினேன். மென்பொருள் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கொலுசின் படத்தை பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதனால் இன்று யார் கேட்டாலும் நான் மென்பொருள்களை ஒப்பிடுவது திரும்ப எடுக்கும் பக்கத்திலிருந்துதான். தவறி அழித்த ஒரு கூலிப் பட்டியலை, போன வாரம் இருந்த நிலையில் எடுக்க முடியுமா? கணினியே போய்விட்டால், புதிய டிஸ்க் போட்டு முழுவதையும் அப்படியே எழுப்ப முடியுமா? அந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் நாளை கடையை மூடினால் என் கோப்புகள் திறக்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற அருமையான மென்பொருளின் இலவசப் பதிப்பை நான் பல வருடம் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தேன். 2024 ஜனவரி 1 முதல் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்ற வேண்டியிருந்தது.

முதல் கேள்விக்கு உங்கள் விண்டோஸிலேயே பதில் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. வெளி டிஸ்க்கைச் செருகி அதை இயக்கிவிட்டால், மாறிய கோப்புகளை மணிக்கு ஒரு முறை நகலெடுக்கும், பழைய நிலைகளையும் வைத்திருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, நகல்களை எந்தப் பெட்டிக்குள்ளும் பூட்டாமல் சாதாரணக் கோப்புகளாகவே வைப்பதுதான். கோப்பின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் இருக்கும், அவ்வளவே. வேறு எந்தக் கணினியில் செருகினாலும், எந்த மென்பொருளும் இல்லாமல் திறக்கலாம். அந்த நேரம் நம் கடிகார நேரம் அல்ல, உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறிப்பிட்ட இடங்களை மட்டுமே பார்க்கும். டேலியின் கணக்குகள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகளாக வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும். எங்கே என்பதை டேலியின் நிறுவனப் பட்டியல் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேலியிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. டேலி பிரைமில் ஆல்ட்டையும் ஒய்யையும் அழுத்தினால் வரும். கூலி போடும் சனிக்கிழமைகளில் அதை எடுத்து, டாக்குமெண்ட்ஸுக்குள் தேதி பெயரிட்ட கோப்புறையில் வையுங்கள். அங்கிருந்து ஃபைல் ஹிஸ்டரி பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது கணினி முழுவதையும் எழுப்ப, வேறு மென்பொருள் வேண்டும். விண்டோஸில் 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று பழையது ஒன்று இன்னும் கிடக்கிறது. முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் அந்த வசதியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2017-லேயே அறிவித்துவிட்டது. அதை நம்பிப் புதிதாகத் தொடங்காதீர்கள். 'விண்டோஸ் பேக்கப்' என்று இப்போது வரும் செயலி உங்கள் அமைப்புகளையும் சில கோப்புறைகளையும் மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவுக்கு அனுப்பும். முழுக் கணினியைத் திருப்பித் தராது.

உங்களுக்கு நான் சொல்வது வீம் ஏஜென்ட் மென்பொருளின் இலவசப் பதிப்பு. முதல் முறை முழுவதையும் எடுக்கும், அடுத்தடுத்து மாறியதை மட்டும் சேர்க்கும். முழு நகலிலிருந்து தனிக் கோப்பையும் எடுக்கலாம். நான் அதைத் தேர்ந்தெடுக்கும் காரணம் இன்னொன்று. வெளி டிஸ்க்கைச் செருகியதும் தானாகத் தொடங்கவும், முடிந்ததும் டிஸ்க்கைக் கணினியிலிருந்து தானாகத் துண்டிக்கவும் அதில் அமைக்கலாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, கணினியோடு சேர்ந்திருந்த டிஸ்க்குகளையும் அது பூட்டியது. விலகி நிற்கும் டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. ஆனால் இடி தொடும் அம்மா, கம்பி செருகியிருக்கும் வரை தொடும். பேக்கப் முடிந்ததும் கம்பியைக் கையால் பிடுங்கி அலமாரியில் வைப்பதை ஏற்காட்டில் இருக்கும் நீங்கள் ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

ஏஓமெய் பேக்கப்பர் ஸ்டாண்டர்டும் இலவசம்தான். திரைகள் இன்னும் எளிமையாக இருக்கும். ஆனால் சில பொத்தான்களை அழுத்தினால் பணம் கட்டும் பதிப்புக்கு அழைக்கும். அது என்னை எரிச்சலூட்டுகிறது. குளோன்ஜில்லா உறுதியானது, இலவசமானது. ஆனால் கறுப்புத் திரையில் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் மாறினால் தவறான டிஸ்க் அழிந்துவிடும். உங்களுக்கு வேண்டாம். அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ் நல்லது, வருடச் சந்தா. கிளவுட், வைரஸ் தடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம்.

மகன் சொல்லும் கிளவுட் தவறில்லை, ஆனால் கணக்குப் பாருங்கள். உங்கள் இணைப்பு வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்பினால், 300 ஜிபி போய்ச்சேர ஏறக்குறைய 67 மணி நேரம் ஆகும், இடையில் மின்சாரம் போகாமல் இருந்தால். அதே 300 ஜிபி, நீல நிற யுஎஸ்பி துளையில் செருகிய டிஸ்க்குக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூலிக் கணக்கும் டேலியும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அவற்றைக் கிளவுடில் போடுங்கள். புகைப்படங்களுக்கு இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்கி, சேலத்தில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவீர்கள்தானே, அப்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 முறையும் இதையேதான் சொல்கிறது. மலையின் ஈரத்துக்கு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

மீட்புப் பென் டிரைவ் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லி வீம் கேட்கும். தள்ளிப்போடாமல் அன்றே செய்து, அதிலிருந்து கணினியை ஒரு முறை இயக்கி, வெளி டிஸ்க் அந்தத் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எதையும் அழுத்தாமல் வெளியே வந்துவிடலாம். புதிய மடிக்கணினி என்பதால், டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, தோட்டப் பத்திரத்தோடு வையுங்கள். மாதத்தின் முதல் கூலி நாளில் ஏதாவது ஒரு கோப்பையும் ஒரு புகைப்படத்தையும் பேக்கப்பிலிருந்து வேறு கோப்புறைக்கு எடுத்து, திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: இளம்பிள்ளையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். வாரம் ஒரு முறை டிசைன் கோப்புறையைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிடுகிறேன். இது போதாதா? தனியாக மென்பொருள் எதற்கு?
— வாசகர், இளம்பிள்ளை

பதில்: ஒன்றும் செய்யாதவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல் தம்பி. ஆனால் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். போன தீபாவளிக்கு ஓடிய முந்தானை டிசைனைத் திறந்து, புட்டாவை மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டீர்கள். சனிக்கிழமை பென் டிரைவில் இழுத்துப் போடும்போது 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்கும், 'ஆம்' என்பீர்கள். பழைய முந்தானை இரண்டு இடத்திலும் போய்விட்டது. தறிக்கு டிசைனை அட்டையில் துளையாகக் குத்திய காலத்தில் பழைய அட்டைக் கட்டாவது பரண்மேல் கிடக்கும். இப்போது கோப்பு போனால் டிசைனே போயிற்று.

ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றப்படும் பழைய கோப்பை அழிக்காமல், தேதி போட்டுத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் வசதி அதில் இருக்கிறது. 'வெர்ஷனிங்' என்ற இடத்தில் அதை இயக்க வேண்டும். இயக்காமல் 'மிரர்' முறையில் ஓட்டினால், நீங்கள் கணினியில் தவறி அழித்ததை அங்கேயும் எடுத்துவிடும், அதில் கவனம்.

பென் டிரைவை விட்டுவிட்டுச் சிறிய வெளி டிஸ்க் வாங்குங்கள். பழைய பென் டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அவை ஏற்கவே ஏற்காது. தவிர, தறி வைத்திருப்பவரிடம் டிசைன் கொண்டுபோவதும் அதே பென் டிரைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஊர் சுற்றும் பென் டிரைவ் பேக்கப் ஆகாது.

கேள்வி: என் கல்லூரிப் பாடங்கள் எல்லாம் ஒன்டிரைவில் தானாகச் சேர்கின்றன. அதுவே பேக்கப்தானே?
— மாணவி, ஆத்தூர்

பதில்: பாதி. ஒத்திசைவு என்பது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனிப்பட்ட கணக்கில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும்; தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தேடினால் இருக்காது. இலவச இடம் ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. இடம் நிறைந்துவிட்டால் புதிய கோப்புகள் மேலே போகாமல் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. கல்லூரி கொடுத்த கணக்கு என்றால், படிப்பு முடிந்தபின் அதை மூடிவிடக்கூடும். ஆய்வறிக்கையையாவது ஒரு வெளி டிஸ்க்கிலும் வைத்துக்கொள் அம்மா.

கேள்வி: மேக் கணினிக்கு எது நல்லது?
— வாசகர், ஃபேர்லாண்ட்ஸ், சேலம்

பதில்: டைம் மெஷின். 2007 முதல் மேக்கிலேயே வருகிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும். உங்கள் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு பெரிய வெளி டிஸ்க் வாங்குங்கள். வேறு தேட வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாளாக என் கணினியிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, கோப்புகள் மெதுவாகத் திறக்கின்றன. உடனே எந்த பேக்கப் மென்பொருளை நிறுவலாம்?
— வாசகர், ஓமலூர்

பதில்: எதையும் நிறுவாதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்கின் முள் தடுமாறும் சத்தமாக இருக்கலாம். முழு டிஸ்க்கையும் படிக்கச் சொல்லும் எந்த மென்பொருளும், நிறுவுவதற்காக அதில் எழுதும் ஒவ்வொரு கோப்பும், மிச்சம் இருப்பதையும் கெடுக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். 'ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன்' என்று வழியில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், இதே பதிலைக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே சத்தம் கேட்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.