பகலில் கண்ணே மூடாத ஐந்து மாதப் பையன்

சகோதரி, ஐந்து மாதப் பையன் பகலில் இருபது நிமிடம்கூடத் தூங்குவதில்லை, குக்கர் விசில் அடித்தால் பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான், சாயங்காலம் ஒரே அழுகை என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். என் பெண்ணும் இப்படித்தான். காலண்டர் தாள் அசைந்தால் போதும், தூக்கம் போய்விடும்.

இந்த வயதில் சுற்றியிருப்பதெல்லாம் வேடிக்கை. பால் பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். மாமியார் சொல்கிறபடி உங்களுக்குப் பால் குறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். ஜன்னலைச் சாத்தி, போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். கண்ணைக் கசக்கி அழும்வரை காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் நேரம் கடந்துவிடும். விழித்து இரண்டு மணி நேரத்தில் களைத்துவிடுவான். என் பெண் காதை இழுத்துக்கொண்டு சுவரையே வெறிப்பாள், அதுதான் அடையாளம். உடனே இருட்டறைக்குத் தூக்கிப்போய்விடுவேன். இரவும் பகலும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கினால் சரி.

அப்புறம், குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்கிறீர்கள், தூளி வேண்டாம். பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். வேடிக்கை பார்த்தே தூக்கம் கெடுகிறவனுக்கு ஞாயிறு மாலை உங்கள் ஊர் சில்வர் பீச் கடற்கரைக் கூட்டமும் வேண்டாம். காலை ஆறரைக்குப் போனால் அலை மட்டும்தான் இருக்கும். எடை ஏறாவிட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.