ஏழு கறிக்கும் ஒரே சட்டியா?

கேள்வி: கோவில் விழாக் குறிப்புகளையும் ஏழு கறி சமையல் குறிப்புகளையும் தமிழிலும் பிரெஞ்சிலும் டிட்லிவிக்கியில் (சொந்தக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் மென்பொருள்) சேர்த்து வருகிறேன். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விதிகள் முழுவதும் ஒரே டிட்லரில் (அதில் ஒரு தனிக் குறிப்பு) 400 வரியாகிவிட்டது. ஒன்றைத் திருத்தினால் வேறொன்று கெடுகிறது. நிறங்களுக்கு வேரியபிள் (ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்) வைத்தும் பலிக்கவில்லை. எப்படிப் பிரிப்பது?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: வேரியபிளை முதலில் பார்ப்போம். அந்த டிட்லரின் டைப் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் டிட்லிவிக்கி அதை விக்கி உரையாகவே, அதாவது குறிகளை வடிவமாக மாற்றும் குறிப்பு உரையாகவே படிக்கும். விக்கி உரையில் இரட்டை ஹைஃபன் ஒரே கோடாகிவிடும். வேரியபிள் பெயர் தொடங்குவதே இரட்டை ஹைஃபனில்தானே! வரித் தொடக்கத்தில் ஹாஷ் (#) இருந்தால் எண்பட்டியல் என்று எடுத்துக்கொண்டு அதையும் விழுங்கிவிடும். டைப்பை ‘டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்’ என்று மாற்றுங்கள், இரண்டும் தீரும். ஆனால் பேலட் (விக்கியின் நிறத் தொகுப்பு) நிறத்தை எடுத்துத் தரும் கலர் மேக்ரோ என்ற குறுங்கட்டளை அப்போது இயங்காது. ஆகவே மேக்ரோ வேண்டிய விதிகளை மட்டும் தனி டிட்லரில் வைத்து, டைப்பைக் காலியாக விட்டு, முதல் வரியில் ‘ரூல்ஸ் ஒன்லி’ கட்டளையால் மேக்ரோ அழைப்பை மட்டும் அனுமதியுங்கள்.

மற்றவற்றுக்கு எழுத்து, பக்க அமைப்பு, சமையல், அச்சு என நான்கு டிட்லர் போதும். இருபதாக உடைத்தால் தேடுவதே தனி வேலையாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஸ்டைல்ஷீட் சிஸ்டம் டேக் ($:/tags/Stylesheet) வேண்டும். சம வலுவுள்ள இரு விதிகள் மோதினால் பின்னால் வருவதே ஜெயிக்கும். டேக்கைச் சொடுக்கினால் விரியும் பட்டியலில் பெயர்களை இழுத்து வரிசையை மாற்றலாம். எது கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு டிட்லராக டேக்கை எடுத்துப் பாருங்கள். ஒரே சட்டியில் இது முடியாது.

சமையல் விதி விழாப் பக்கத்தில் கசியாமலிருக்க, ஒவ்வொரு சமையல் டிட்லரிலும் ‘கிளாஸ்’ என்ற ஃபீல்டைச் சேர்த்து ‘சமையல்’ என்று எழுதுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு விதியையும் முன்னால் புள்ளி வைத்து அந்தப் பெயரிலேயே (.சமையல்) தொடங்குங்கள். தமிழ்ப் பெயரை சிஎஸ்எஸ் தாராளமாக ஏற்கும்.

எழுத்து டிட்லரில் வரி உயரம் 1.7 வையுங்கள், பிரெஞ்சுக்குப் போதுமான இடைவெளியில் தமிழ்க் கொம்பும் சுழியும் நெருக்கியடிக்கும்.

தீமின் (விக்கியோடு வரும் தோற்றத் தொகுப்பு) அடிப்படை ஸ்டைல்ஷீட்டை நேரடியாகத் திருத்தியிருந்தால், திருத்தும்போது உருவான அந்தப் பிரதியை நீக்கிவிடுங்கள். மூலம் தானாகத் திரும்பிவிடும். பிரதி இருக்கும்வரை புதிய பதிப்பின் திருத்தங்கள் அதன் அடியில் மறைந்தே கிடக்கும்.