அப்பா ஒட்டிய பழைய 1/25 பிளாஸ்டிக் கார் மாடலை மறுபடி புதுசாக்குவது எப்படி?

உங்கள் அப்பா 1990களில் ஒட்டி வைத்த 1957 செவர்லே பெல் ஏர், நிஜ வண்டியில் 25-இல் ஒரு பங்கு அளவு. பிரஷ்ஷால் பூசிய எனாமல், மங்கிப்போன குரோம், பசைக்கறை படிந்த கண்ணாடி, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்ட டயர். இதை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணாடியைச் சோதித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி வெளியே வருமா, வராதா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லா வேலையும். வந்துவிட்டால் பாடியை ரசாயனத்தில் ஊறவைத்துப் பழைய பெயின்ட்டை முழுசாக எடுக்கலாம். வராவிட்டால் ஊறவைக்கவே கூடாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த 1957 செவர்லேயின் முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து திரும்பும். அது உடைந்தால் தட்டையான பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி வைப்பது எளிதில்லை.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பெரும்பாலும் லேசாக முறுக்கினாலே விடும். மாடல் கிட்டுக்கான டியூப் பசை அப்படியில்லை. அது பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. அந்த இடத்தில் நெம்பினால் பசை விடாது, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் உடையும். மெல்லிய ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். முதலில் சக்கரம், அடுத்து சேசிஸ், கடைசியில் கண்ணாடி. கண்ணாடி வந்ததும் முன்கண்ணாடித் தூண்கள் இரண்டும் தாங்கல் இல்லாமல் நிற்கும். குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குச்சியை வைத்து டேப்பால் கட்டிவிடுங்கள். பாடி உடைவது பெரும்பாலும் இந்தத் தூண்களில்தான்.

பெயின்ட்டை எடுத்தே ஆக வேண்டுமா? ஆம். 1/25 அளவில் 0.1 மி.மீ. தடிப்பு என்பது நிஜ வண்டியில் 2.5 மி.மீ. பூச்சுக்குச் சமம். கதவு இடுக்கும் எழுத்துகளும் மூழ்கிப்போனது அதனால்தான். இன்னொரு காரணம், பழைய எனாமலின் மேல் லாக்கர் (கடும் கரைப்பான் உள்ள பெயின்ட்) ஸ்ப்ரே அடித்தால் அடியிலுள்ள பூச்சு இளகிச் சுருங்கிவிடும்.

டிக்கியின் உட்பக்கம் போல மறைவான இடத்தில், காட்டன் பட்ஸில் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து அரை நிமிடம் தேயுங்கள். நிறம் வந்தால் அதிலேயே சில மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வராவிட்டால் டாட் 3 பிரேக் ஆயில். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, கையுறை, ஜன்னல் திறந்த அறை மூன்றும் வேண்டும். சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாள்கணக்கில் விட்டால் மெல்லிய தூண்கள் நொறுங்கக்கூடும். முடிந்ததும் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். அந்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். என்.சி. தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பிளாஸ்டிக்கையே கரைக்கும், பக்கத்தில்கூடக் கொண்டு போகாதீர்கள். கண்ணாடிப் பாகங்களை எந்த ரசாயனத்திலும் போட வேண்டாம்.

கண்ணாடி வரவில்லையா? உள்ளும் புறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (நம்பர் கூடக்கூட நைசானது) வரிசையாகத் தண்ணீர் போட்டுத் தேயுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பாதுகாப்பானது. கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புகை ஃபெவிக்விக்கின் ஆவி. 2000 பேப்பரில் தொடங்கி பாலிஷிங் காம்பவுண்டில் முடித்தால் போய்விடும். திரும்ப ஒட்டும்போது ஃபெவிகால் போதும், அது ஆவி விடாது, காய்ந்தால் நிறமில்லாமல் தெளியும்.

குரோம் பாகத்தில் இருப்பது லாக்கரின் மேல் படிந்த மிக மெல்லிய அலுமினியம். வீட்டு பிளீச்சில் போட்டால் கரைந்துவிடும், அடியிலுள்ள லாக்கர் மட்டும் நிற்கும். பிளீச்சை ஆல்கஹாலோடும், பாத்ரூம் ஆசிட்டோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். புதுக் குரோமுக்கு, கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு கிளாஸ் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மோலோடோவ் லிக்விட் குரோம் என்ற குரோம் மையைப் பூசலாம். அதன் மேல் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடிக்காதீர்கள், மங்கிவிடும். கிரில் வலை மட்டும் விதிவிலக்கு, பெல் ஏரில் அது தங்க நிறம். அங்கே குரோமின் மேல் நீர்த்த கிளியர் மஞ்சளில் (அடி தெரியும் மஞ்சள் பெயின்ட்) ஒரு துளி கிளியர் ஆரஞ்சு கலந்து பூசினால் அந்த நிறம் கிடைக்கும்.

பாடியில் எழுந்து நிற்கும் எழுத்துகளுக்கு அருமையான ஒரு வழி உண்டு. பிரைமர் அடித்ததும், கலர் அடிப்பதற்கு முன்பே, எழுத்துகளின் மேல் பேர் மெட்டல் ஃபாயிலை (பின்பக்கம் பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள்) ஒட்டி காட்டன் பட்ஸால் அழுத்துங்கள். அதன் மேலேயே கலர் அடியுங்கள். காய்ந்த பிறகு, அந்தப் பெயின்ட்டுக்கான தின்னர் லேசாகத் தொட்ட துணியை விரலில் சுற்றி எழுத்தின் முகட்டை மட்டும் தடவுங்கள், வெறும் பிளாஸ்டிக்கில் படக்கூடாது. பெயின்ட் போய் உலோகம் வெளிப்படும். கையால் வெள்ளி பூசினால் இவ்வளவு கூர்மை வராது.

கலர் அடிக்கும் முன் ஸ்ப்ரே டப்பாவைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். அடுப்பில் வைக்கவே கூடாது. 20 செ.மீ. தள்ளி, 10-15 நிமிட இடைவெளியில் இரண்டு லேசான பூச்சு, பிறகு ஒரு ஈரமான பூச்சு. மழைநாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படியும், பெயின்ட் பால்போல வெளுத்துவிடும். கூரை வெள்ளையென்றால் அதை முதலில் அடித்து, ஒரு நாள் விட்டு டேப் ஒட்டுங்கள். டேப் விளிம்பின் மேல் முதலில் அதே வெள்ளையை லேசாக அடித்துவிட்டால் அடுத்த நிறம் உள்ளே கசியாது. பாலிஷ் போட ஒரு வாரம் காத்திருங்கள்.

உள்ளே அப்பா பூசிய சீட்டையும் டாஷ்போர்டையும் தூசி தட்டி அப்படியே விடுங்கள். மாடல் எப்படியும் பாடியால்தான் புதுசாகத் தெரியும், உள்ளே இருப்பது அவர் கைவேலை.

டயரைக் கடைசியில் மாட்டுங்கள். பழைய அமெரிக்க கிட்களின் வினைல் டயரிலிருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் இளக்கி என்ற ரசாயனம் கசிந்து, தொடும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஒட்டிக்கொண்டது அதனால்தான். கரைந்த ரிம்மில் பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்து, ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று ஒட்டிய பிறகு டயரை ஏற்றுங்கள். பாடியிலோ கண்ணாடியிலோ டயர் எங்கும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.