கைவேலை கேள்வி–பதில்: அச்சில் பிடிக்கும் தோல் போன் உறை

கேள்வி: செருப்புக் கடையில் மிச்சத் தோல் வாங்கி நனைத்து, போன் அளவுக் கட்டையில் இறுக்கிக் கட்டினேன். காய்ந்ததும் தொளதொளத்துவிட்டதே? (ஓசூர்)

கை மேல் பழி இல்லை, தோல்தான் வேறு. செருப்பின் மேல்பாகத்துக்கு வருவது பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. எத்தனை முறை நனைத்தாலும் மெத்தென்றே இருக்கும். அச்சில் நிற்பது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேளுங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டுப் பேர் வாங்கிய நம் இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலும் இந்த வகைதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போய் வாங்குபவர்கள் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நீலச் சாம்பலாக இருந்தால் குரோம். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இது தெரியாது. அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள், தடம் அப்படியே நிற்க வேண்டும். தடிமன் 1.5 முதல் 1.8 மி.மீ. போதும். வயிற்றுப் பகுதி மலிவு, ஆனால் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இழுபடும். தோள் பகுதி கேளுங்கள்.

கேள்வி: போனையே அச்சாக வைக்கலாமா? கட்டை என்றால் என்ன அளவு? (காவேரிப்பட்டணம்)

போன் வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும். நம் பக்கம் மாங்கட்டைக்கா பஞ்சம்? நன்றாகக் காய்ந்த துண்டாகப் பாருங்கள்.

போன் 162×76×8 மி.மீ. என்றால் கட்டை 163×77×9. கூடுதல் 1 மி.மீ. எதற்கென்றால், காயும்போது தோல் சற்று சுருங்கும். மேல் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டித் தேயுங்கள். கூராக இருந்தால் ஈரத்தோல் அங்கே கிழியும். இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் மரம் ஊதாது. வெளிச்சட்டத்தை 12 மி.மீ. பிளைவுட்டில் ‘ப’ வடிவில் வெட்டுங்கள். உள் அகலம், கட்டையின் அகலத்தோடு தோல் தடிமன் இரண்டு மடங்கு: 1.6 மி.மீ. தோலுக்கு 80.2. இதைவிடக் குறைந்தால் தோலின் முகம் (வழுவழுப்பான மேற்பக்கம்) உரியும். 83 ஆனால் உறையின் பக்கச்சுவர் சரிந்து நிற்கும்.

உறைக்கு இரண்டு துண்டு: அச்சில் ஏற்றும் முன்துண்டு, தட்டையான பின்துண்டு. முன்துண்டைச் சுற்றிலும் 30 மி.மீ. கூடுதலாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முழுதாக அமிழ்த்துங்கள். பாதி நனைத்தால் நீர்க்கோடு விழும். பிறகு துணியில் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். மேற்புறம் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்குவதுதான் பதம். சொட்டச் சொட்ட ஏற்றினால் மூலை மழுங்கும். அடிப்பலகை மேல் கட்டை, அதன்மேல் தோல், அதன்மேல் சட்டம். சுற்றிலும் சி கிளாம்ப் (‘C’ வடிவ இறுக்கி). 4 மணி நேரத்தில் சட்டத்தை எடுத்துவிட்டுக் கட்டையோடு நிழலில் ஒரு நாள் விடுங்கள். மூலைகளை எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் நீவுங்கள். நகத்தை முதலிலேயே வெட்டிக்கொள்ளுங்கள்!

கேள்வி: போர் தண்ணீரில் நனைத்ததும் கருப்புப் புள்ளிகள் வந்தன. ஃபுளோரைடு காரணமா? (பாலக்கோடு)

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எதற்கெடுத்தாலும் ஃபுளோரைடு மேல்தான் சந்தேகம். இது இரும்பு. பட்டைத் தோலின் டானினும் (பட்டையின் துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்தால் கருக்கும். கடுக்காய் மை காய்ச்சியதும் இப்படித்தான். துருப்பிடித்த குழாய், இரும்பு வாளி, ஆணி, எதுவும் ஈரத்தோலில் படக்கூடாது. வடிகட்டிய குடிநீரும் பிளாஸ்டிக் பேசினும் வைத்துக்கொள்ளுங்கள். லேசான கறைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தோலின் முகம் முழுக்கத் தடவி, நன்றாக அலசுங்கள். போகாவிட்டால் கருப்புச் சாயமே வழி.

கேள்வி: ஹேர் டிரையரில் காயவைத்தேன். சுருங்கி அப்பளமாகிவிட்டது. மீட்கலாமா? (அரூர்)

முடியாது. ஈரமான பட்டைத் தோல் 70 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கத் தொடங்கலாம். புதுத் துண்டு வெட்டுங்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்குமென்று பயந்தால் மின்விசிறி போதும்.

கேள்வி: தையலுக்கு நூல் எவ்வளவு? (கிருஷ்ணகிரி)

வடிவம் முழுக்கக் காய்ந்த பிறகே தையல். சுவரைச் சுற்றி 7 மி.மீ. ஓரம் விட்டு நறுக்கி, தட்டையான பின்துண்டோடு ரப்பர் பசையால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முன்பே சுரண்டிவிடுங்கள், வழுவழுப்பான முகத்தில் பசை பிடிக்காது. விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, 4 மி.மீ. இடைவெளியில் துளை. மூன்று பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 42 செ.மீ.; மெழுகு நூல் அதைப்போல் 4 மடங்கு, 170 செ.மீ. இரண்டு முனையிலும் ஊசி கோத்து ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிரே விடுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். போன் நுழையும் வாய்ப்பக்கம் இரண்டு தையல் திரும்பி வந்து முடியுங்கள். முதலில் பிரிவது அங்கேதான்.