பெட்டி வாசனை

வணக்கம் சார்,

பச்சோலி என்ற வாசனை இலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அது சேர்ந்த சென்ட் ஒன்று வாங்கினேன். கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் காட்டியபோது எலுமிச்சையும் ரோஜாவுமாக நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆனதும், பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு மண் வாடை. 'குடோனுக்குப் போய்ட்டு வந்தீங்களா?' என்கிறாள் மனைவி. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

இல்லை. அந்தப் பெட்டி வாடைதான் பச்சோலி. கடையில் உங்களுக்குப் பிடித்தது எலுமிச்சையும் ரோஜாவும். பெண் பார்க்கப் போன இடத்தில் தோழியைப் பிடித்துப்போன கதை.

எலுமிச்சை வகை மணங்கள் அரை மணி நேரத்துக்குள் பறந்துவிடும். பச்சோலிக்கு அந்த மணத்தைத் தருவதில் பெரும்பங்கு பச்சூலால் என்ற பொருளுக்கு. 15 கார்பன் அணுக்களைச் சுமக்கும் கனமான மூலக்கூறு. லேசில் இடத்தைக் காலி செய்யாது. தோலின் சூட்டில் மெதுவாகத்தான் எழும். மறுநாள் அழுக்குக் கூடையில் கிடக்கும் சட்டையிலும் இருக்கும்.

ஒரு முறை எதுவும் கலக்காத எண்ணெயை மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு நாள் முழுக்க முகர்ந்து பார்த்தேன். முதலில் கற்பூரம் போல ஒரு காட்டம், மருந்துக்கடை நெடி. அப்புறம் நீங்கள் சொல்லும் ஈரமண், பூட்டிக் கிடந்த அறை. இரவில் அது காய்ந்த மரமாகி, அடியில் லேசாக கோகோ இனிப்பு தட்டியது. எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் பிடிக்கும். அதற்காக நடுவில் வரும் குடோனைப் பொறுத்துக்கொள்வேன்.

துளசியின் குடும்பத்துச் செடிதான் இது. இலையைக் காயவைத்து, ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். பச்சோலி என்ற பெயர் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் உலகத்துக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அங்கே செடியின் பெயர், கிட்டத்தட்ட நம் உச்சரிப்பிலேயே, 'நிலம்'. தற்செயல்தான். இருந்தாலும் முகர்ந்து பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

போலி என்றீர்களே, 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையோடு மடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். வாடை இருந்தால் அசல் என்று அங்கே வாங்குகிறவர்கள் நம்ப ஆரம்பித்தார்கள். விஷயம் தெரிந்ததும், அங்கே நகல் சால்வை நெய்தவர்களும் இலையைத் தேடிப் பிடித்தார்கள். ஆக, உங்கள் பாட்டியின் பெட்டி ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. துணிப்பெட்டியோடு இதற்குப் பழைய உறவு.

மண் வாடை அறவே ஆகாது என்றால் வேறு வழி இருக்கிறது. 1992இல் வந்த, பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் தியரி மூக்லரின் 'ஏஞ்சல்' சென்ட் பச்சோலியைப் பஞ்சு மிட்டாய் மணத்தோடு கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு வந்த இனிப்பு சென்ட்கள் பலவற்றின் அடியிலும் பச்சோலிதான் படுத்திருக்கிறது. மண் நெடியைப் பிரித்து நீக்கிய எண்ணெயும் இப்போது கிடைக்கிறது. சுத்தமாக இருக்கும். எனக்கு அதில் சுவாரஸ்யமில்லை. முள் எடுத்த மீன் மாதிரி.

இனிமேல் பட்டையை முகர்ந்ததுமே பணத்தை எடுக்காதீர்கள். கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஒரு காபி குடித்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போங்கள். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

வாங்கிவிட்டதற்கு ஒரு யோசனை. சட்டையில் அடிக்காமல், மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்துக்கொள்ளுங்கள், அதுவும் மாலையில். இரவு பத்து மணிக்கு மனைவியிடம் கையை நீட்டிக் கேளுங்கள். அப்போதும் குடோன் என்றால் பாட்டிலை எனக்கு அனுப்பிவிடுங்கள்.