அபராதம் கட்டினால் பொறுப்பு தீருமா?

கேள்வி: அமெரிக்காவில் சீரமைக்கப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் மேல்மண் நிலைகொள்ளாமல் அரித்துப்போனதற்கு அபராதம் விதிக்கப்பட்டு, பிறகு சமரசமாகக் குறைந்த தொகையில் முடிக்கப்பட்டது என்று படித்தேன். பணத்தைக் கட்டியதும் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. அந்நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சீரமைப்புச் சட்டப்படி, அபராதம் வேறு, நிலத்தைச் சரிசெய்யும் கடமை வேறு. முந்தைய மீறல்கள், பாதிப்பின் கடுமை, அலட்சியம், குறையை விரைந்து களைய எடுத்த முயற்சி ஆகியவற்றைப் பார்த்தே தொகையை நிர்ணயிக்கிறார்கள். அதனால் தொகையைக் குறைக்கக் கோரும் நிறுவனம் முதலில் களத்தில் வேலையைக் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த வேலை எளிதன்று. கனரக வாகனங்கள் ஏறி இறுகிய கழிவுப் பாறையின் மேல் பொலபொலவென்ற மேல்மண்ணைப் பரப்பும்போது, மழைநீர் இரண்டுக்கும் நடுவே தேங்கி, மண்ணை அப்படியே வழுக்கிவிடக்கூடும். விரல் அகலத்தில் தொடங்கும் அரிப்புக் கோடுகளும் சில மழைகளிலேயே ஓடைகளாகிவிடும். அவற்றை நிரப்பிச் சமன்செய்து, மீண்டும் மேல்மண் இட்டு விதைக்க வேண்டும். அடியிலுள்ள இறுக்கத்தை உழுது தளர்த்தாமல் மேலே மட்டும் விதை தூவுவது வீண்செலவு.

நிலத்தைச் சீரமைப்பதற்கு உத்தரவாதமாக நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுவதும் உடனே திரும்பக் கிடைக்காது. கடைசியாக விதைத்து உரமிட்ட ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுகள், ஆண்டுச் சராசரி மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதிகளில் 10 ஆண்டுகள் வரை தாவரப் போர்வைக்கு நிறுவனமே பொறுப்பு. ஆகவே, வடிகால், சரிவின் அளவு, விதைப்புக்கான கெடு ஆகியவற்றைத் தெளிவாக எழுதாத சமரச ஒப்பந்தத்தை அதிகாரிகள் ஏற்கவே கூடாது.